கோமோவிலிருந்து வெனிசுக்கு: நடுவே ஓர் இரவை எங்கே கழிப்பது?

கேள்வி: செப்டம்பர் கடைசி வாரத்தில் நானும் கணவரும், பத்து வயது மகளும், என் அம்மாவும் வட இத்தாலிக்குச் செல்கிறோம். மிலானில் வாடகைக் கார் எடுத்து, கோமோ ஏரிக்கரையில் வரென்னா என்ற ஊரில் மூன்று இரவு தங்குகிறோம். திங்கள் காலை அங்கிருந்து புறப்பட்டு, செவ்வாய் மாலை வெனிசில் காரை ஒப்படைக்க வேண்டும். இடையில் உள்ள ஓர் இரவைக் கார்தா ஏரியின் சிர்மியோனேயில் கழிப்பதா, வெரோனாவில் கழிப்பதா என்று முடிவு செய்ய முடியவில்லை. அம்மாவுக்கு 68 வயது; மூட்டு வலியால் அதிகம் நடக்க முடியாது. ஊரில் ஒரு செவ்வாய்கூட அந்தோணியார் கோயில் நவநாளைத் தவறவிடாதவர் என்பதால், அந்த வாரம் தவறிப்போகிறதே என்று வருந்துகிறார். என்ன செய்யலாம்? (ஒரு வாசகி, திருச்சி)

பதில்: சிர்மியோனேயில் தங்க வேண்டாம், வெரோனாவில் மதிய உணவுக்கு மட்டும் நிறுத்துங்கள், இரவைப் பாதோவாவில் கழியுங்கள். நெடுஞ்சாலைப் பலகைகளில் பாதோவா என்று நீங்கள் காணப்போகும் அந்த ஊர்தான், உங்கள் அம்மா வாரந்தோறும் செபத்தில் சொல்லும் பதுவை. கோடி அற்புதர் என்று நம் ஊரில் அழைக்கப்படும் அந்தோணியாரின் கல்லறை அங்கேதான் இருக்கிறது. உங்கள் திட்டப்படி நீங்கள் அங்கே கண்விழிக்கும் நாள் செவ்வாய்க்கிழமை. இது ஒன்றே போதுமான காரணம் என்றாலும், அந்தோணியார் பக்தி இல்லாத குடும்பம் இதே கேள்வியைக் கேட்டிருந்தாலும் நான் பெரும்பாலும் இதே விடையைத்தான் சொல்லியிருப்பேன். ஏன் என்பதை விளக்குகிறேன்.

முதலில் தூரக் கணக்கு. வரென்னாவிலிருந்து லெக்கோ, பெர்கமோ வழியாக ஏ4 நெடுஞ்சாலையைப் பிடித்து வெரோனா செல்லச் சுமார் 170 கிலோமீட்டர். வெரோனாவிலிருந்து பாதோவா 85. அங்கிருந்து வெனிஸ் 40. எல்லாம் சேர்த்தாலும் நான்கு மணி நேர ஓட்டம்தான் என்பதால், ஓட்டுபவரின் களைப்புக்காக நீங்கள் இரவு தங்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஆகவே அந்த இரவு தன் செலவுக்கு ஏற்ற பலனைத் தர வேண்டும். விடுதிகள் பிற்பகல் இரண்டு மூன்று மணிக்குமேல்தான் அறை தருவார்கள். மறுநாள் பத்து, பதினொன்றுக்குக் காலி செய்யச் சொல்வார்கள். ஓரிரவுத் தங்கலில் உங்கள் கைக்குக் கிடைப்பது ஒரு மாலையும் ஒரு காலையும் மட்டுமே. அந்த மாலையில் காரைத் தொடாமல் நடந்தே பார்க்க என்ன இருக்கிறது, காலையில் விடுதிக்குப் பக்கத்தில் என்ன திறந்திருக்கிறது, காரும் பெட்டிகளும் இரவில் எங்கே இருக்கும் என்ற மூன்றையும் பார்த்துத்தான் ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஊரின் புகழ் இந்தக் கணக்கில் கடைசியாகத்தான் வரும்.

சிர்மியோனே அழகான ஊர் என்பதில் சந்தேகம் இல்லை. ஏரிக்குள் நீண்டு செல்லும் ஒல்லியான தீபகற்பம், நீரில் கால் ஊன்றி நிற்கும் கோட்டை, முனையில் ரோமானியர் கால மாளிகையின் இடிபாடுகள் எல்லாம் உண்டு. ஆனால் நீங்கள் மூன்று நாள் ஏரிக்கரையில் இருந்துவிட்டு வருகிறீர்கள்; நான்காம் நாளும் ஏரி என்றால் மகளுக்கே சலிக்கும். பழைய ஊருக்குள் நுழையக் கோட்டையை ஒட்டிய ஒரே பாலம்தான் வழி. அங்கே தங்குபவர்களின் கார்களைத் தவிர மற்றவற்றை வெளியிலேயே நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். ரோமானிய இடிபாடுகள் தீபகற்பத்தின் மறு நுனியில் உள்ளன. மூட்டு வலிக்காரரை அழைத்துக்கொண்டு போக அது ஏற்ற இடம் அல்ல.

பெர்கமோ எனக்கு மிகவும் பிடித்த ஊர். குன்றின் மேல் வெனிசியர் கட்டிய மதில்களுக்குள் இருக்கும் பழைய நகரத்தில், இரவு பத்து மணிக்கு மணிக்கூண்டு இன்றும் நூறு முறை ஒலிக்கிறது; ஒரு காலத்தில் கோட்டைக் கதவுகளை மூடும் நேரத்தை அறிவித்த ஒலி அது. ஆனால் வரென்னாவிலிருந்து புறப்பட்ட ஒன்றேகால் மணி நேரத்திலேயே அது வந்துவிடும். மறுநாள் முழுத் தூரமும் மிச்சம் இருக்கும். மாந்துவா ஏ4-இலிருந்து தெற்கே 40 கிலோமீட்டர் விலகியிருக்கிறது. பூசணி நிரப்பிய தொர்த்தெல்லி என்ற பாஸ்தாவுக்காகவும், மாந்தேஞா 1474-இல் முடித்த சுவரோவிய அறைக்காகவும், இரண்டு இரவு இருந்தால் நானே உங்களை அங்கே அனுப்பியிருப்பேன். வெரோனாவுக்கும் பாதோவாவுக்கும் நடுவே வரும் விசென்சா கட்டடக்கலை மாணவர்களுக்கு உரியது.

வெரோனாவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெரும்பாலோர் அங்கேதான் தங்குகிறார்கள். அந்த ஊரில் இரவு தங்குவதற்கான பெரிய காரணம் அரேனா என்ற ரோமானிய அரங்கில் நடக்கும் ஓபரா. 1913-இல் தொடங்கிய அந்த விழா கோடை விழா என்பதால் நீங்கள் போகும்போது முடிந்திருக்கும். எஞ்சியதைப் பார்க்க மூன்று மணி நேரம் போதும். பியாத்சா பிரா என்ற பெரிய சதுக்கத்தில் அரேனா நிற்கிறது. அங்கிருந்து கார்கள் நுழையாத, பளிங்குக்கல் பாவிய கடைத்தெரு வழியாகப் பத்து நிமிடம் நடந்தால் எர்பே சதுக்கம். நிலம் சமமானது. அம்மா விரும்பினால் பியாத்சா பிராவின் மர நிழலிலேயே உட்கார்ந்திருக்கலாம். ஜூலியட்டின் மாடம் என்று கூட்டம் நெரியும் பால்கனி இருபதாம் நூற்றாண்டில் பொருத்தப்பட்டது. அதற்காக அலைய வேண்டாம்.

வெரோனாவில் காரைச் சித்தாதெல்லா என்ற கட்டண நிறுத்தகத்தில் விடுங்கள். பியாத்சா பிராவுக்கு அருகில், கார்களுக்கான தடைப் பகுதிக்கு வெளியே இருக்கிறது. பெட்டிகள் அனைத்தையும் வரென்னாவிலேயே டிக்கியில் அடக்கி மூடிவிடுங்கள். நிறுத்துமிடத்துக்கு வந்து இறங்கிய பின்னர் பின் இருக்கைப் பையை எடுத்து டிக்கியில் வைப்பதைத்தான் பலரும் செய்கிறார்கள். திருடுபவன் பார்த்துக்கொண்டிருப்பது அந்த ஒரு நொடியைத்தான். கடவுச்சீட்டுகளும் மருந்துகளும் உங்கள் தோள்பையில் இருக்கட்டும். நான்கு பேருக்கு நான்கு பெரிய பெட்டி என்றால் சிறிய காரின் டிக்கி மூடாது என்பதையும் முன்பதிவு செய்யும்போதே நினைவில் வையுங்கள்.

இப்போது தடைப் பகுதி. இத்தாலிய நகரங்களின் பழைய மையங்களில் பெரும்பாலானவை சட்.டி.எல். எனப்படும் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு வலயங்கள். சிவப்பு வளையம் போட்ட வெள்ளைப் பலகையும், அதன் அருகே ஒரு மின்பலகையும், மேலே கேமராவும் இருக்கும். மின்பலகையில் 'வார்க்கோ அத்தீவோ' என்று எரிந்தால் தடை அமலில் இருக்கிறது என்று பொருள்; 'நோன் அத்தீவோ' என்றால் தடை இல்லை. 'அத்தீவோ' என்பதை 'ஆக்டிவ்' என்று படித்து, வாயில் திறந்திருக்கிறது போலும் என்று உள்ளே ஓட்டிச் செல்பவர்கள் ஏராளம். யாரும் உங்களை மறிக்க மாட்டார்கள். கேமரா எண்ணைக் குறித்துக்கொள்ளும். வெளிநாட்டில் வசிப்பவருக்கு அபராத அறிவிப்பை 360 நாள் வரை அனுப்ப அவர்களுக்குச் சட்டம் இடம் தருகிறது. நான் முதல்முறை அங்கே ஓட்டியபோது, வழிகாட்டிச் செயலியை நம்பி ஒரே தெருவில் இரண்டு முறை சுற்றினேன். எட்டு மாதம் கழித்து இரண்டு அபராதச் சீட்டுகள் வீட்டுக்கு வந்தன. என் முகவரியைக் காவல்துறைக்குத் தெரிவித்ததற்காக வாடகைக் கார் நிறுவனம் தனிக் கட்டணம் பிடித்திருந்தது அதற்கும் முன்னால் நடந்த கதை.

ஆகையால் பாதோவாவில் விடுதியைப் பதிவு செய்யும் முன் மூன்று கேள்விகளை மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். விடுதி தடைப் பகுதிக்குள் இருக்கிறதா, இருந்தால் எங்கள் கார் எண்ணை நீங்கள் பதிவு செய்வீர்களா? காரை இரவில் நிறுத்தச் சொந்த இடம் உண்டா? லிஃப்ட் உண்டா, அது தெருமட்டத்திலிருந்தே தொடங்குகிறதா? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பழைய கட்டடங்களில் லிஃப்டை அடைவதற்கே ஒரு படிவரிசை ஏற வேண்டிய விடுதிகளை நான் பார்த்திருக்கிறேன். கார் எண் மிலானில் சாவி வாங்கும்போதுதான் தெரியும் என்பதால், அன்றே அதைப் படம் எடுத்து விடுதிக்கு அனுப்பிவிடுங்கள். தேட வேண்டிய பகுதி, அந்தோணியாரின் கல்லறை உள்ள பசிலிக்கா என்ற பெருங்கோயிலுக்கும் பிராத்தோ தெல்லா வாலே என்ற பெருவெளிக்கும் இடைப்பட்ட தெருக்கள். விடுதியில் கார் இடம் இல்லையென்றால் அந்தப் பெருவெளியை ஒட்டிய ராபின் நிறுத்தகம் பெரியது. சாலையோரம் நிறுத்த நேர்ந்தால் கோட்டின் நிறத்தைப் பாருங்கள்: நீலம் கட்டணம், வெள்ளை பொதுவாக இலவசம், மஞ்சள் மற்றவர்களுக்கென ஒதுக்கப்பட்டது.

பாதோவாவைப் பற்றி உள்ளூரில் ஒரு சொலவடை உண்டு: பெயரில்லாத புனிதர், கதவில்லாத காப்பிக்கடை, புல்லில்லாத புல்வெளி. புனிதரின் பெயரை யாரும் சொல்வதில்லை. 'இல் சாந்தோ', அதாவது 'புனிதர்', என்றாலே அந்தோணியார்தான். காப்பிக்கடை 1831-இல் திறந்த பெத்ரோக்கி. ஒரு காலத்தில் இரவும் பகலும் மூடாமல் நடந்ததால் அந்தப் பெயர். புல்வெளி என்பது பிராத்தோ தெல்லா வாலே. இன்று அங்கே புல் இருக்கிறது, சொலவடை மட்டும் மாறவில்லை. நீள்வட்டக் கால்வாயைச் சுற்றி இரு வரிசையாக 78 சிலைகள் நிற்க, மாலை ஐந்து மணிக்குமேல் ஊரே அங்கே வந்து உட்காரும். உங்கள் அம்மாவுக்கு அந்த ஓர் இடம் போதும்; மகள் சிலைகளை எண்ணிக்கொண்டிருக்கலாம்.

உணவகங்கள் ஏழரை மணிக்குமுன் இரவுச் சமையலைத் தொடங்குவதில்லை. சீக்கிரம் சாப்பிட்டுப் படுக்கும் பழக்கம் உள்ளவருக்கு ஆறு மணிக்கே ஒரு சாண்ட்விச் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. உணவுப் பட்டியலில் 'காவால்லோ' என்ற சொல் தென்பட்டால் அது குதிரை இறைச்சி, 'ஆசினோ' என்றால் கழுதை. இரண்டும் இந்த மாநிலத்தில் சாதாரணமாகப் பரிமாறப்படுபவை. காளான் போட்ட பொலெந்தா என்ற மக்காச்சோள மாவுக் களி நம் நாவுக்கு அந்நியமாக இருக்காது.

செவ்வாய் காலை ஏழு மணிக்கெல்லாம் பசிலிக்கா திறந்திருக்கும். சுற்றுலாக் குழுக்கள் வரும் முன்பே போய்விடுங்கள். அந்தோணியார் 1231 ஜூன் 13-இல் இறந்தார். அடுத்த ஆண்டே புனிதராக அறிவிக்கப்பட்டார். அதே ஆண்டு இக்கோயிலைக் கட்டத் தொடங்கினார்கள். இடப்பக்கச் சிற்றாலயத்தில் பளிங்குப் பீடத்துக்குள் கல்லறை இருக்கிறது. பீடத்தைச் சுற்றிப் பின்புறம் வந்தால், கல்லறைப் பலகையில் உள்ளங்கையைப் பதித்து, தலையைச் சாய்த்து, வாய்க்குள் எதையோ முணுமுணுத்தபடி நிற்பவர்களின் வரிசை தெரியும்; மொழிதான் வேறே தவிர, அந்த நிற்கும் விதம் உங்கள் அம்மாவுக்கு நன்கு பழக்கமானதாகவே இருக்கும். அவரை அவசரப்படுத்தாதீர்கள். அந்தோணியாரின் நாக்கு என்று போற்றப்படும் திருப்பண்டம் பின்னாலுள்ள வேறொரு சிற்றாலயத்தில் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. தோளும் முழங்காலும் மறைந்த உடை வேண்டும். உள்ளே படம் எடுக்கக் கூடாது.

அதன் பிறகு மகளுக்காக ஸ்க்ரொவேஞி சிற்றாலயம். ஜோத்தோ 1305 வாக்கில் தீட்டி முடித்த சுவரோவியங்கள் அங்கே உள்ளன. முன்பதிவு இல்லாமல் போக வேண்டாம். பத்தரை மணிச் சீட்டு உங்களுக்குப் பொருந்தும். உடல் ஈரமும் தூசியும் ஓவியத்தைக் கெடுக்காதிருக்க, ஒவ்வொரு குழுவையும் முதலில் கண்ணாடி அறையில் பதினைந்து நிமிடம் உட்கார வைத்துக் காற்றைச் சீராக்கிய பிறகே உள்ளே விடுவார்கள். உள்ளே இன்னொரு பதினைந்து நிமிடம். தாமதமாக வந்தால் சீட்டு வீண். குழந்தை இயேசுவை மூன்று ஞானியர் வணங்கும் காட்சியில், குடிலுக்கு மேலே வால் நீண்ட ஒரு தீப்பந்து பறப்பதை மகளுக்குக் காட்டுங்கள். 1301-இல் தோன்றிய ஹாலி வால்நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் ஜோத்தோ அதை வரைந்திருப்பார் என்று பலரும் கருதுகிறார்கள். அதனால்தான் 1986-இல் ஹாலியை நெருங்கிப் படம் எடுத்த ஐரோப்பிய விண்கலத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். பசிலிக்காவிலிருந்து சிற்றாலயத்துக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் இருக்கும். அம்மாவை நடக்க வைக்காமல் சாந்தோ நிறுத்தத்தில் டிராம் ஏறி எரெமித்தானி நிறுத்தத்தில் இறங்குங்கள்.

இறுதியாக ஒரு மாற்று யோசனை. வெனிசில் காருக்கு வேலையே இல்லை. வாடகை ஒப்பந்தத்தைப் பெரிய கூடுதல் செலவு இல்லாமல் மாற்ற முடியுமானால், திங்கள் மாலையே காரைப் பாதோவா ரயில் நிலையத்துக்கு அருகில் ஒப்படைத்துவிடலாம். இரவு நிறுத்தக் கட்டணமும், மறுநாள் பெட்டிகளைக் காரில் விட்டுச் செல்லும் கவலையும் மிச்சம், ரயிலில் அரை மணி நேரத்தில் வெனிஸ். ஆனால் நான்கு பெட்டிகளோடு அம்மாவையும் ரயிலில் ஏற்றி இறக்குவது கடினம் என்று தோன்றினால், காரை வைத்துக்கொண்டு வெனிசின் வாயிலான பியாத்சாலே ரோமாவில் ஒப்படையுங்கள். அங்கிருந்து சில அடி தூரத்தில் படகுத்துறை. அலுவலகம் எத்தனை மணிக்கு மூடுகிறது என்பதை முன்பே கேட்டுக்கொண்டு, எரிபொருளைப் பாதோவாவிலேயே நிரப்பிவிடுங்கள். பங்க்கில் 'பென்சீனா' என்பதுதான் பெட்ரோல், 'கசோலியோ' டீசல்.