புதுசுன்னா எது, பழசுன்னா எது? வாத்தியம் வாங்குறவங்க கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: பையன் பிறந்தநாளுக்கு 9,500 ரூபாய் கொடுத்து கிட்டார் வாங்கினோம் சார். வீட்டுக்கு வந்து பார்த்தா கம்பியெல்லாம் துரு, பின்பக்கம் நாலஞ்சு கீறல். கடையில போய் கேட்டா "இது டிஸ்ப்ளே பீஸ்மா, இதுவரைக்கும் யாருக்கும் விக்கல, அதனால புதுசுதான்"னு சொல்றாங்க. இது நியாயமா? – வாசகி, திருச்சி

கடைக்காரர் சொல்றதுல பாதி சரிம்மா. ஒருத்தருக்கு பில் போட்டு வித்துட்டு திரும்பி வந்த பொருள்தான் செகண்ட் ஹேண்ட், இது அப்படி இல்லதான். ஆனா சுவத்துல ஒரு வருஷம் தொங்கின கிட்டாரை கடைக்கு வர்ற ஒவ்வொரு பையனும் எடுத்து நாலு தடவை வாசிச்சுப் பார்த்திருப்பான், பேன்ட் பெல்ட் பக்கிள் உரசித்தான் அந்தப் பின்பக்கக் கீறலே வந்திருக்கும், அதை பெட்டி பிரிக்காத கிட்டார் விலைக்கே கொடுக்கறதும் அதை வாயத் திறந்து சொல்லாம கொடுக்கறதும் தப்புதான். டிஸ்ப்ளே பீஸ்னு முன்னாடியே சொல்லி ஆயிரமோ ரெண்டாயிரமோ குறைச்சிருந்தா நீங்களே சந்தோஷமா வாங்கியிருப்பீங்க.

துருவை மட்டும் வெச்சு சண்டை போடாதீங்க. நம்ம ஊர் ஈரக்காத்துல யாரும் தொடாத கம்பி கூட பெட்டிக்குள்ளயே துரு ஏறும், புது செட் சில நூறு ரூபாய்தான். நீங்க பார்க்க வேண்டியது ஃப்ரெட், அதாவது கம்பிகளுக்கு அடியில குறுக்கா பதிச்சிருக்கற உலோகப் பட்டை. கம்பியை லேசா ஒதுக்கிட்டு முதல் மூணு ஃப்ரெட்டை வெளிச்சத்துல பாருங்க, கம்பி உக்கார்ற இடத்துல குட்டிக் குட்டி பள்ளம் இருந்தா அது நாலு பேர் தொட்டுப் பார்த்த கிட்டார் இல்ல, ரொம்ப நாள் யாரோ உக்காந்து வாசிச்சது. அப்புறம் நெக், அதாவது கிட்டாரோட கழுத்து. தடிமனான கம்பியை முதல் ஃப்ரெட்லயும், நெக் உடம்போட சேர்ற இடத்துலயும் ஒரே நேரத்துல அழுத்திப் பிடிச்சு நடுவுல ஏழாவது ஃப்ரெட்டுக்கு மேல இடைவெளியைப் பாருங்க, ஒரு விசிட்டிங் கார்டு நுழையற அளவுன்னா பரவால்ல, அதைவிட ரொம்ப அதிகம்னா நெக் வளைஞ்சிருக்கு, பிள்ளைக்கு விரல் வலி எடுத்து ஒரே மாசத்துல கிட்டாரை மூலையில வெச்சிடுவான். எனக்கு கீறலைவிட இதுதான் கவலையா இருக்கு.

சட்டமும் உங்க பக்கம் இருக்கு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல, பழைய பொருளையோ சரி பண்ணின பொருளையோ புதுசுன்னு பொய் சொல்லி விக்கறது நியாயமற்ற வணிகமுறைன்னு தெளிவாவே போட்டிருக்கு. குறையுள்ள பொருளை பில்லுல சொன்ன காலத்துக்குள்ள திருப்பி எடுத்துக்கணும், பில்லுல காலம் எதுவும் போடலன்னா 30 நாள். ஃப்ரெட்லயோ நெக்லயோ கோளாறு இருந்தா போட்டோ எடுத்துட்டு, பில்லோட போய் முதல்ல பொறுமையா பேசுங்க, மசியலன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணுங்க. பில்லே வாங்கலன்னா இன்னிக்கே போய்க் கேளுங்க, பில் தரமாட்டேன்னு சொல்றதும் அதே சட்டத்துல தப்புதான்.

எனக்கும் இது நடந்திருக்கு. வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு கடையில "சீல் பிரிக்காதது"ன்னு ஒரு கீபோர்டு கொடுத்தாங்க, வீட்டுல வந்து பார்த்தா கட்டைகள் மேல வரிசையா பிசுபிசுன்னு பசை, யாரோ ஒரு குழந்தைக்கு சரிகமப எழுதி ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்து உரிச்சிருக்காங்க. அன்னிலேர்ந்து பெட்டி மேல இருக்கற சீரியல் நம்பரும் கீபோர்டு அடியில இருக்கறதும் ஒண்ணான்னு பார்க்காம நான் காசு கொடுக்கறதே இல்ல.

கேள்வி: புது மிருதங்கம் ஆர்டர் கொடுத்தேன். செய்யறவர் இப்போ "கட்டை பழசு, மூட்டு மட்டும் புதுசு, இதுதான் உனக்கு நல்லது"ங்கறார். ஏமாத்தறாரா அண்ணா? – கல்லூரி மாணவர், கடலூர்

இல்ல தம்பி, உன்கிட்ட மறைக்காம சொல்லியிருக்காரே. மிருதங்கத்துல மூட்டு, அதாவது ரெண்டு பக்கமும் கட்டற தோல், தேயற பொருள், வாசிக்க வாசிக்க சாதம் (தோல் நடுவுல இருக்கற கருப்பு வட்டம்) உதிரும், வார் தளரும், மூட்டு மாத்திக்கிட்டே இருக்கணும். பலாக்கட்டை அப்படி இல்ல, ஒழுங்கா பார்த்துக்கிட்டா ரெண்டு தலைமுறை தாங்கும். சரியா காயாத பச்சை மரத்துல கடைஞ்ச புதுக்கட்டைதான் ஆபத்து, முதல் கோடையிலயே விரிசல் விடும். உங்க பக்கத்துல பண்ருட்டி இருக்கு, பலாமரத்துக்கே பேர் போன ஊர், அங்க கட்டை கடையறவங்களைக் கேட்டா மரம் எவ்வளவு நாள் காயணும்னு அவங்களே சொல்வாங்க.

ஆனா ஒண்ணு, மூட்டு ஏத்தறதுக்கு முன்னாடி கட்டையை வெறுமனே பார்த்துடு. உள்பக்கம் டார்ச் அடி. விரிசலை மரத்தூளும் பசையும் வெச்சு அடைச்சு மேல பாலீஷ் போட்டுட்டா வெளியிலேர்ந்து தெரியவே தெரியாது. அப்புறம் சுருதி. நீளமான கட்டை தக்கு சுருதிக்கு (தாழ்ந்த சுருதி), குட்டையானது ஹெச்சு சுருதிக்கு (உயர்ந்த சுருதி), நீ யாருக்கு வாசிக்கப் போறேன்னு உன் வாத்தியார்கிட்ட கேட்டுட்டு அளவைச் சொல்லு, எவ்வளவு அருமையான பழைய கட்டையா இருந்தாலும் உன் சுருதிக்கு ஒத்துவரலன்னா என்ன பிரயோஜனம்.

கேள்வி: தெரிஞ்சவர் ஒருத்தர் தாத்தா காலத்து வயலின் விக்கறார், உள்ள 'ஸ்ட்ராடிவாரியஸ் 1721'னு லேபிள் இருக்கு. 2 லட்சம் கேக்கறார். – வாசகர், மதுரை

வேண்டாம் சார், அந்த லேபிளுக்காக ஒரு ரூபாய் கூட தராதீங்க. ஸ்ட்ராடிவாரியஸ்ங்கறது முன்னூறு வருஷத்துக்கு முன்னாடி இத்தாலியில வயலின் செஞ்ச பிரபலமான ஸ்ட்ராடிவாரியோட பேர். ஜெர்மனி, பொஹீமியா (இன்னிக்கு செக் நாட்டுல இருக்கற பகுதி) பக்கத்துப் பட்டறைகள்ல 19ஆம் நூற்றாண்டுலேர்ந்தே கணக்கில்லாம செஞ்சு அதே பேர்ல லேபிள் ஒட்டியிருக்காங்க, 'அந்த மாடல்'னுதான் அதுக்கு அர்த்தம். லேபிள்ல ஜெர்மனின்னு நாட்டுப் பேர் இருந்தா அது பெரும்பாலும் 1891க்கு அப்புறம் வந்தது, அந்த வருஷம் அமலுக்கு வந்த அமெரிக்க இறக்குமதி விதிக்காக நாட்டுப் பேர் போட ஆரம்பிச்சாங்க. பழசுன்னாலே நாதம் அதிகம்னு நம்பறதும் சரியில்ல. 2010ல இண்டியானாபொலிஸ்ல 21 வயலின் கலைஞர்களுக்கு கருப்புக் கண்ணாடி மாட்டிவிட்டு, மூணு புது வயலினும் ஸ்ட்ராடிவாரியும், அதே காலத்து இன்னொரு இத்தாலிய ஆசாரி குவார்னெரியும் செஞ்ச மூணு பழசும் வாசிக்கக் கொடுத்தாங்க. வீட்டுக்கு எடுத்துட்டுப் போறதுன்னா எதுன்னு கேட்டப்போ பாதிக்கு மேல புதுசைத்தான் கேட்டாங்க, யாருக்கும் அதிகம் பிடிக்காம போனது ஒரு ஸ்ட்ராடிவாரி.

உங்க டீச்சரைக் கூட்டிட்டுப் போய் வாசிக்கச் சொல்லிக் கேளுங்க. மேல்பலகையில கம்பிகளைத் தாங்கற குதிரை நிக்கற இடத்துக்கிட்ட விரிசல் இருக்கான்னு பாருங்க.

கேள்வி: பாட்டியோட தஞ்சாவூர் வீணையை விக்கலாம்னு இருக்கோம், தந்த வேலைப்பாடு இருக்கு, அதனால விலை கூடுமா? – வாசகி, சென்னை

கூடாதும்மா, விக்கவே முடியாம போகும். யானைத் தந்தம் வெச்ச பொருளை விக்கறது வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல குற்றம். முதல்ல அது நிஜமாவே தந்தமா, இல்ல பிளாஸ்டிக்கான்னு தெரிஞ்ச ஒரு வீணை ஆசாரிகிட்ட காட்டுங்க. தந்தம்னா வனத்துறை ஆபீஸ்ல கேட்டு அவங்க சொல்றபடி வீட்டுலயே வெச்சு, மேளம் (மெழுகுல பதிக்கற மெட்டுகள்) மட்டும் புதுசா கட்டி பேத்தி யாராவது வாசிக்கட்டும்.