டெபியன் என்.எம்.யூ.: அடுத்தவர் பேக்கேஜில் கை வைக்குமுன்

கே: டெபியன் லினக்ஸில் அடுத்தவர் பராமரிக்கும் பேக்கேஜை நாம் திருத்தி ஏற்றுவதுதான் என்.எம்.யூ. அதற்கு வெர்ஷன் எண் எப்படிப் போடுவது?

1.2-3 என்றால் 1.2-3.1. மெயின்டெயினர், அதாவது பேக்கேஜைப் பராமரிப்பவர், அடுத்து ஏற்றும் -4 அதைவிடப் பெரியது, மோதாது. டெபியனுக்கென்றே எழுதிய நேட்டிவ் பேக்கேஜ் 1.5 என்றால் பின்னால் ‘+என்எம்யூ1’. சேஞ்ச்லாக் எழுதும் ‘டிசிஎச்’ கட்டளைக்கு ‘--என்எம்யூ’ கொடுத்தால் அதுவே போட்டுவிடும். கையால் எழுதித் தப்புப் பண்ணாதீர்கள்.

கே: ஏற்றியதைச் சில நாள் நிறுத்திவைக்கும் டிலேய்ட் க்யூவில் எத்தனை நாள்?

பதிந்து 7 நாள் தாண்டிய ஆர்.சி. பக் (ரிலீஸையே தடுக்கும் பக்) என்றால் 2. மற்ற ஆர்.சி.யும், அதற்கு அடுத்த நிலையான இம்பார்ட்டன்ட் பக்கும் 5. மீதி எல்லாம் 10. எதுவானாலும், மாற்றங்களின் டிஃப்பை பக் டிராக்கருக்கு அனுப்பும் ‘என்எம்யூடிஃப்’ முதலில்.

கே: பில்ட் உடைவதைச் சரிசெய்யும்போதே பில்ட் கருவியான டெப்ஹெல்ப்பரின் காம்பாட் லெவலை 9-லிருந்து 13 ஆக்கி, பில்ட் படிகள் இருக்கும் ரூல்ஸ் ஃபைலையும் சுத்தம் செய்தேன். மெயின்டெயினர் கோபப்படுகிறார். நல்லதுதானே செய்தேன்?

உங்களை யார் கேட்டது? விட்டுப்போன ஒரு ஹெட்டரைச் சேர்த்தால் தீர்கிற பக் அது. காம்பாட் 10-லிருந்தே, கான்ஃபிகர் ஃபைல்களைப் புதிதாக உருவாக்கும் ஆட்டோரீகான்ஃப் தானாக ஓடும், பில்டும் பேரலலாக நடக்கும். பேரலலாக நடந்தால், டிபெண்டன்சி சரியாக எழுதாத மேக்ஃபைல் ஒருநாள் ஓடும், ஒருநாள் உடையும். 13-ல் எந்த பேக்கேஜிலும் சேராத ஃபைல் ஒன்று மிஞ்சினாலும் ‘டிஹெச்_மிஸ்ஸிங்’ பில்டை நிறுத்திவிடும். ஒரு பக்கை மூடப் போய் மூன்றைத் திறப்பீர்கள். அதற்கெல்லாம் நீங்கள்தான் பொறுப்பு, அவரல்ல. ஏற்றுமுன் பழைய, புதிய டிஎஸ்சி (சோர்ஸ் பேக்கேஜ் விவர) ஃபைல்களுக்கு, வித்தியாசம் காட்டும் ‘டெப்டிஃப்’ ஓட்டுங்கள். சேஞ்ச்லாக், பேட்ச், பேட்ச்களைப் பட்டியலிடும் சீரீஸ் ஃபைலில் ஒரு வரி: இதற்குமேல் ஏதாவது தெரிந்தால் எடுத்துவிடுங்கள். காம்பாட் ஆசைக்கு விஷ்லிஸ்ட் (வேண்டுகோள்) பக் போடுங்கள், பேட்ச்சோடு.

கே: அவசரமாக ஏற்றிவிட்டேன். டிஃப் பிறகு அனுப்பலாமா?

கூடாது. இப்போதே அனுப்புங்கள்.

கே: மெயின்டெயினர் ‘வேண்டாம், நானே பார்க்கிறேன்’ என்கிறார்.

க்யூவில் இருக்கும்வரை, அப்லோடை ரத்து செய்யும் ‘டிகட் கேன்சல்’ கட்டளை போதும், சேஞ்சஸ் ஃபைல் பெயரோடு. டிலே வைப்பதே இதற்குத்தான்.

கே: என் பேக்கேஜில் ஒருவர் -3.1 ஏற்றினார். நான் -4 ஏற்றியதும், அவர் மூடிய பக் -4-ல் இன்னும் இருப்பதாகக் காட்டுகிறது.

அவருடைய சேஞ்ச்லாக் பதிவை விட்டுவிட்டீர்கள். எந்த வெர்ஷன் எதிலிருந்து வந்தது என்பதை பக் டிராக்கர் சேஞ்ச்லாகில்தான் படிக்கிறது; -3.1 இல்லையென்றால் -4 நேராக -3-ன் பிள்ளை, பக்கும் கூடவே வரும். அவருடைய டிஃப்பை கிட்டில் சேர்த்து, பதிவையும் வைத்து -5 ஏற்றுங்கள்.

கே: மெயின்டெயினர் இல்லாமல் அனாதையான பேக்கேஜுக்கும் .1 வேண்டுமா?

வேண்டாம். அது க்யூ.ஏ. (தரக் குழு) பெயரில் போகும் அப்லோட், சாதாரண -4.