கணினியே திதி கணிக்கும் காலம் வந்தால் பஞ்சாங்கம் எதற்கு? செவ்வாய்க் கிரகத்தில் குடியேறுபவர்கள் அமாவாசை விரதத்தை எப்படிப் பிடிப்பார்கள்?

இதைக் கேட்டவர் வெளிநாட்டில் வளர்ந்த இளைஞராக இருக்கக்கூடும் என்று எண்ணுகிறேன். வீட்டில் யாருக்கோ திவசம் வருகிறது. கைத்தொலைபேசிச் செயலி ஒரு நாளைச் சொல்கிறது. ஊரிலிருந்து அம்மம்மா வேறொரு நாளைச் சொல்கிறார். எங்கள் வீட்டில் இதே சிக்கல் வந்து, இரண்டு ஆண்டுகள் என் தந்தையாரின் திவசம் பிழையான திதியில் நடந்தது. அந்தப் பிழையில் எனக்கும் பங்கு இருந்ததால் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

நான் விஞ்ஞானத்துக்கு எதிரானவன் என்று யாரும் எண்ணவேண்டாம். யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். சந்திரன் சூரியனிலிருந்து 12 பாகை விலகுவதற்கு எடுக்கும் காலமே ஒரு திதி என்பதையும், சந்திரனின் பாதை நீள்வட்டமாக இருப்பதால் அதன் வேகம் கூடிக் குறைகிறது என்பதையும், அதனால் ஒரு திதி 20 மணித்தியாலத்திலும் முடியலாம், 27 மணித்தியாலத்தை நெருங்கியும் நிற்கலாம் என்பதையும் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் படம் வரைந்து விளக்கியிருக்கிறேன். இந்தக் கணக்கில் கணினி மனிதரைவிடத் திறமையானது. அதில் விவாதத்துக்கு இடமில்லை.

யாழ்ப்பாணத்து வீடுகளில் இரண்டு பஞ்சாங்கங்கள் புழக்கத்தில் உள்ளன. கொக்குவிலிலிருந்து வருவது வாக்கியம். மட்டுவிலிலிருந்து வருவது, வானில் காணும் நிலைக்கு ஏற்பத் திருத்திக் கணிக்கும் திருக்கணிதம். புதுவருடம் பிறக்கும் நேரத்தையும் மருத்துநீர் வைக்கும் நேரத்தையும் பத்திரிகைகள் இரண்டு முறைப்படியும் அச்சிடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வாக்கிய முறை, சந்திரனின் நிலையை 248 நாட்களுக்கு 248 வாக்கியங்களாக மனனம் செய்துவைத்த பழைய மரபில் வந்தது. அவ்வாக்கியங்களை வரருசி செய்தார் என்பது வழக்கு. அதன்படி ஒரு திதி 54 நாழிகைக்குக் குறையாது, 65 நாழிகைக்கு மேற்போகாது (ஒரு நாழிகை 24 நிமிடம்). பாணவிருத்தி, ரசக்ஷயம் என்று ஐயர்மார் சொல்வது, 60 நாழிகைக்கு மேல் ஐந்து கூடும், ஆறு குறையும் என்ற இதனையே. வானத்தில் உள்ள உண்மையான சந்திரனோ 50 நாழிகையிலிருந்து 67 நாழிகை வரை ஊசலாடுகிறது. கிரகப் பெயர்ச்சிகளில் வேறுபாடு இன்னும் பெரிது. 2020 ஆம் ஆண்டுச் சனிப்பெயர்ச்சி திருக்கணிதப்படி சனவரி 24 இலும், வாக்கியப்படி அதே ஆண்டு டிசெம்பர் இறுதியிலும் நிகழ்ந்தது. ஆகவே வாக்கியத்தில் பிழை உண்டு என்று சொல்பவரோடு நான் மோதப்போவதில்லை. வட்டுக்கோட்டைச் செமினரியின் அமெரிக்க மிசனரி டானியல் பூவர் 1829 இல், பஞ்சாங்கத்தில் குறிக்கப்பட்டிருந்த சந்திர கிரகணக் கணிப்பின் பிழையை முன்கூட்டியே எடுத்துச் சொல்லி, கிரகணம் வந்த இரவில் அதனை நிறுவியும் காட்டினார். இந்த வாதம் நம் மண்ணில் ஏறத்தாழ இருநூறு ஆண்டுப் பழமை கொண்டது.

இனி எங்கள் வீட்டுச் செய்திக்கு வருகிறேன். 1995 இல் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போன நாங்கள், அடுத்த ஆண்டு கிளாலிக் கடலேரி கடந்து வன்னிக்குச் சென்றோம். 1998 இல், மல்லாவிப் பக்கத்தில் ஒரு கொட்டிலில், விடியற்காலையில் அப்பா காலமானார். அன்றைக்கே அம்மா ஒரு கொப்பியில் ‘விடிய 4.10’ என்று எழுதிவைத்தார். அயலில் இருந்த முதியவர் ஒருவர் தம்மிடமிருந்த பஞ்சாங்கத்தைப் பார்த்து, தேய்பிறைத் தசமி என்று சொல்ல, அதையும் அம்மா அந்த வரியிலேயே எழுதிக்கொண்டார். ஊருக்குத் திரும்பிய பின்னரும் ஆண்டுதோறும் தசமியிலேயே திவசம் செய்துவந்தோம்.

ரொறன்ரோவில் இருக்கும் என் தம்பி சில ஆண்டுகளுக்கு முன் ஒரு செயலியில் அப்பாவின் இறந்த நாளையும் நேரத்தையும் கொடுத்துப் பார்த்தபோது, அது நவமி என்று காட்டியது. “அண்ணை, அந்தக் கிழவர் வாக்கியத்தைப் பார்த்துப் பிழையாய்ச் சொல்லிப்போட்டார். இவ்வளவு காலமும் நாங்கள் திதி மாறிச் செய்திருக்கிறம்” என்று அவன் தொலைபேசியில் கலங்கினான். வாக்கியத்தின் குறைகளை நன்கு அறிந்தவன் என்ற நினைப்பில், நானும் அவன் சொன்னதை ஏற்றுக்கொண்டேன். அம்மா ஒப்பவில்லை. “செத்த அண்டைக்குப் பார்த்துச் சொன்ன திதியை இப்ப மாத்தலாமோ?” என்று மட்டும் கேட்டார். அதற்கு நான் நீள்வட்டப் பாதையைப் பற்றி விளக்கம் கொடுத்தேன். எண்பது வயதைக் கடந்த ஒரு தாயிடம், அவருடைய கணவரின் திதி பிழை என்று சாதித்தேன். அந்த இரண்டு ஆண்டுகளும் நவமியில் திவசம் நடந்தது. அம்மா தசமியன்றும் ஒருவருக்கும் சொல்லாமல் ஒருபொழுது இருந்தார் என்பதை நான் பின்னரே அறிந்தேன்.

இரண்டாம் ஆண்டு முடிந்தபின், வேறொரு காரணத்துக்காக அதே செயலியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, அப்பாவின் பதிவுக்குக் கீழே சிறிய எழுத்தில் ‘+6.00’ என்று இருப்பதைக் கண்டேன். இலங்கையின் நேரம் கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. ஆறு எங்கிருந்து வந்தது என்று யோசித்தபோதுதான் மறந்துபோன ஒரு வரலாறு நினைவுக்கு வந்தது. 1996 மே மாதம், வரட்சியால் மின்சாரத் தட்டுப்பாடு வந்தபோது, அரசு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே எடுத்து, ஆறு மணித்தியாலக் கணக்கில் நிறுத்தியது. 2006 ஏப்பிரலில்தான் நாடு மீண்டும் ஐந்தரைக்குத் திரும்பியது. கணினிகளில் உள்ள நேர அட்டவணை இந்த மாற்றங்கள் அனைத்தையும் ஒழுங்காகப் பதிந்துவைத்திருக்கிறது. ஆனால் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி அந்தப் பத்து ஆண்டுகளும் பழைய நேரத்திலேயே இருந்தது என்பது அந்த அட்டவணையில் இல்லை. ஒரே தீவில் இரண்டு நேரங்கள் இருந்தன. வவுனியாவைக் கடந்து போய்வந்தவர்கள் ‘பழைய நேரமா, புதிய நேரமா’ என்று கேட்டுக் கேட்டே அலுவல் பார்த்தார்கள்.

அம்மாவிடம் ஓடிப்போய்க் கேட்டேன். “அங்கை ஆர் மேனை புது நேரம் பார்த்தது? எங்கடை மணிக்கூடு பழைய நேரந்தானே” என்றார்.

அதாவது, அம்மா எழுதிய 4.10 ஐச் செயலி புதிய நேரமாக எடுத்துக்கொண்டு, உண்மையில் 3.40 மணிக்கு உயிர் பிரிந்ததாகக் கணித்தது. நவமி முடிந்து தசமி பிறந்தது, பழைய நேரப்படி நாலு மணிக்குச் சற்று முன்னர். ஐந்தரையை இட்டு மீண்டும் கணித்தபோது அதே செயலி தசமி என்றது. திருக்கணிதமும் தசமி, வாக்கியமும் தசமி. அந்த முதியவர் அதே மணிக்கூட்டில் சூரிய உதயத்தைப் பார்த்து, அதிலிருந்து ஏறத்தாழ ஐம்பத்தைந்தாவது நாழிகை என்று கணக்கிட்டிருந்தார். நாழிகை சூரியன் உதிப்பதிலிருந்து எண்ணப்படுவது. எந்த அரசு மணிக்கூட்டை எங்கே தள்ளினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. தம்பியிடம் இதைச் சொன்னபோது அவன் நெடுநேரம் பேசவில்லை. நான் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

இதை வைத்துக்கொண்டு செயலி பொய் என்று நான் சொல்லவில்லை. கொடுத்த எண்ணுக்கு அது சரியான விடையையே தந்தது. எந்த எண்ணைக் கொடுப்பது என்பதை அறிந்தவர் அம்மா ஒருவரே. எதிர்காலத்தில் செயற்கை நுண்ணறிவு எவ்வளவு வளர்ந்தாலும், ஒரு கொட்டிலின் கப்பில் தொங்கிய மணிக்கூடு எந்த நேரத்தைக் காட்டியது என்பதை யாராவது சொல்லிவைத்தால் அன்றி அது அறியப்போவதில்லை. இன்னொன்றையும் சொல்லவேண்டும். பல செயலிகள் சூரிய உதயத்தில் நிற்கும் திதியையே அந்த நாளின் திதியாகக் காட்டுகின்றன. திவசத்துக்கோ, பகலை ஐந்தாகப் பகுத்து நாலாவதாக வரும் அபராஹ்ண வேளையில் நிற்கும் திதியே கொள்ளப்படும். இதை அறியாமல் திரையில் தெரிவதை அப்படியே எடுத்தால் ஒரு நாள் பிசகும். கணினிக்கு இந்த விதியைச் சொல்லிக்கொடுக்க முடியும். சொல்லிக்கொடுக்க ஐயர் ஒருவரோ பஞ்சாங்கம் படித்த ஒருவரோ வேண்டும்.

இதைவிட என்னை வருத்துவது, புலம்பெயர்ந்த குடும்பங்கள் சிலவற்றில் திதியையே விட்டுவிட்டு, வசதியான சனிக்கிழமைக்குத் திவசத்தை ஒதுக்கும் பழக்கம். அங்குள்ள வேலைச் சுமையை நான் அறியாதவன் அல்லன். ஆயினும் வாக்கியமா திருக்கணிதமா என்று வட்ஸ்அப்பில் சண்டையிட்டு, முடிவில் இரண்டும் இல்லாத ஒரு நாளில் படைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

செவ்வாய்க் கிரகத்தைப் பற்றிய கேள்வியை வேடிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. அங்கே ஒரு பகலும் இரவும் சேர்ந்து 24 மணித்தியாலமும் ஏறத்தாழ 40 நிமிடமும் ஆகும். அதற்கு இரண்டு சிறு நிலவுகள் உண்டு. இரண்டும் 1877 இல் கண்டுபிடிக்கப்பட்டன. அவற்றுள் போபோசு ஏழரை மணித்தியாலத்துக்குச் சற்று மேலான நேரத்தில் செவ்வாயைச் சுற்றிவிடுவதால், மேற்கில் உதித்துக் கிழக்கில் மறைகிறது. அதை வைத்துத் திதி கணித்தால் ஒரு திதி கால் மணித்தியாலத்தில் முடிந்துவிடும். ஒரே நாளில் மூன்று அமாவாசை வரும். ஆடி அமாவாசை விரதத்துக்குச் சமைக்கும் காத்தோட்டிக்காய் கறியை அடுப்பில் வைத்து இறக்குமுன் திதி மாறியிருக்கும். ஆகவே அங்கு போகும் சைவர்கள் நம் சந்திரனின் கணக்கையே கொண்டுபோவார்கள் என்று நினைக்கிறேன். திதி முடியும் கணம் எங்கும் ஒன்றுதான். எந்த ஊரின் உதயத்தோடும் அபராஹ்ணத்தோடும் அதைப் பொருத்துவது என்பதில்தான் வேறுபாடு. ரொறன்ரோவில் ஆடி அமாவாசை சில ஆண்டுகளில் யாழ்ப்பாணத்துக் கீரிமலைக்கு ஒரு நாள் முந்தி வருவதும் இதனாலேயே. செவ்வாயிலும் பொருத்தத்தான் போகிறார்கள்.

சந்திரனில் குடியேறுபவர்களின் நிலை வேறு. எனக்கு மிகவும் பிடித்த செய்தி அதில் உள்ளது. பிதிர்களுக்கு நமது ஒரு மாதம் ஒரு நாள் என்றும், அவர்கள் சந்திரனின் மேற்பாகத்தில் உறைகிறார்கள் என்றும், அமாவாசை அவர்களுக்கு நடுப்பகல் என்றும் பழைய வானியல் சித்தாந்த நூல்கள் கூறுகின்றன. சந்திரனில் ஒரு சூரிய உதயத்திலிருந்து அடுத்த உதயம் வரை நமது கணக்கில் இருபத்தொன்பதரை நாள். அமாவாசையன்று, நமக்கு என்றும் முகம் காட்டாத மறுபக்கத்தின் நடுவில் சூரியன் உச்சியில் நிற்கும். 2019 சனவரியில் சீனாவின் விண்கலம் இறங்கிய மறுபக்கம் அதுவே. நம் முன்னோர் விண்கலம் விட்டார்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. சந்திரனின் வடிவத்தையும் சுழற்சியையும் விளங்கிக்கொண்ட எவரும் இந்த முடிவுக்கு வரலாம், அவர்கள் வந்தார்கள். ஆடி அமாவாசையன்று கீரிமலையில் எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது, அங்கே இப்போது நடுப்பகல் என்ற எண்ணம் எனக்கு ஒவ்வொரு முறையும் வரும்.

உங்கள் வீட்டிலும் 1996 மே மாதத்துக்கும் 2006 ஏப்பிரலுக்கும் இடையில் எழுதப்பட்ட பிறந்த நேரமோ இறந்த நேரமோ இருந்தால், அதைச் செயலியில் இடுமுன், எழுதியவரிடம் எந்த நேரம் என்று கேளுங்கள். அவர் இல்லையென்றால் அப்போது உடனிருந்த வேறு யாரிடமாவது கேளுங்கள். அம்மாவின் கொப்பியில் அந்த 4.10 க்குப் பக்கத்தில் ‘பழைய நேரம்’ என்று நான் எழுதி, அவருக்கு வாசித்துக் காட்டிய பிறகே கொப்பியை மீண்டும் பெட்டிக்குள் வைத்தேன்.