கலாபகோஸ்: கிழக்கா, மேற்கா?

அன்புள்ள சார்,

அடுத்த வருடம் கணவரும் நானும் கலாபகோஸ் தீவுகளுக்குப் போகிறோம். கப்பலிலேயே தங்கி எட்டு நாள். எஸ்பனோலா தீவுப் பக்கம் போகும் கிழக்கு வழியில் பறவைகள் அதிகம், நிறைய இனங்களைப் பார்த்துவிடலாம் என்கிறார்கள். மேற்கே இசபெலாவும் ஃபெர்னாண்டினாவும்தானாம், வெறும் எரிமலைப் பாறை. எதைத் தேர்ந்தெடுப்பது? பெரிய லென்ஸ் வேண்டுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மேற்கே போங்கள். எஸ்பனோலாவின் அல்பட்ராஸ்களைக் குறைத்துச் சொல்லவில்லை, ஏப்ரலிலிருந்து டிசம்பர் வரை அங்கே இருக்கும், அற்புதமான பறவை. ஆனால் இந்த விலங்குகள் ஏன் இங்கே இருக்கின்றன என்பது கண்ணெதிரே புரிவது மேற்கில்தான். பூமத்திய ரேகை மேலேயே ஓடுகிறது, ஆனாலும் பெங்குவின் வாழ்கிறது. காரணம், பசிபிக்கின் ஆழத்தில் மேற்கிலிருந்து வரும் குளிர்ந்த நீரோட்டம் இந்தத் தீவுகளில் மோதி மேலே எழும்புகிறது, கூடவே சத்தையும் கொண்டுவருகிறது, அதனால் பாசி, அதனால் மீன். 2024 மார்ச்சில்கூட வெடித்த ஃபெர்னாண்டினாவில் பார்த்த இடமெல்லாம் கறுத்த பாறைதான், அங்குள்ள உயிர்களுக்குக் கடல்தான் சோறு போடுகிறது. 1982-83இலும் 1997-98இலும் எல் நினோவால் கடல் சூடானபோது பெங்குவின்களும் கடல் உடும்புகளும் பட்டினியில் கொத்துக்கொத்தாகச் செத்தன.

அந்த உடும்புகளுக்காகவே ஃபெர்னாண்டினாவின் எஸ்பினோசா முனையில் கொஞ்சம் அதிக நேரம் நில்லுங்கள். குளிர்ந்த நீரில் முங்கிப் பாசி மேய்ந்துவிட்டு வந்து, உடம்பு சூடேற ஒன்றின் மேல் ஒன்றாகப் படுத்துக் கிடக்கும், திடீரென்று ஒன்று மூக்கு வழியாக உப்புநீரைச் சீறித் தெறிக்கும், அது பக்கத்து உடும்பின் தலையில் விழுந்து காய்ந்து வெள்ளையாகப் படியும். பறக்காத நீர்க்காகமும் அங்கேதான், உலகத்தில் ஃபெர்னாண்டினாவையும் இசபெலாவின் கரையையும் விட்டால் வேறெங்கும் கிடையாது. பறக்க உதவாத அந்தக் கட்டைச் சிறகுகளை, மற்ற நீர்க்காகங்களைப் போலவே விரித்து வெயிலில் காயவைக்கும். ஆண் பறவை கடலிலிருந்து பாசிக்கொத்து ஒன்றைக் கவ்விவந்து அடைகாக்கும் துணையிடம் கொடுப்பதைப் பார்க்க வாய்த்தால், தயவுசெய்து அப்போதாவது கேமராவைக் கீழே வையுங்கள்.

லென்ஸா, வேண்டாம். விலங்கிடமிருந்து 2 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது கலாபகோஸ் தேசியப் பூங்காவின் விதி, ஃபிளாஷும் கூடாது, சாதாரண லென்ஸே தாராளம். கடலில் திமிங்கிலம் பார்க்க ஒரு பைனாகுலர் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், 100 பேர் ஏறும் கப்பலை விடச் சின்னப் படகு நல்லது. ஒரு வழிகாட்டிக்கு 16 பேர்தான் என்பதால் பெரிய கப்பலில் குழு குழுவாகத்தான் இறக்குவார்கள்.

ஜூன் முதல் நவம்பர் வரை நீர் குளிர்ந்து இரை மிகுந்திருக்கும், நான் அப்போதுதான் போகச் சொல்வேன். ஆனால் ஆகஸ்ட், செப்டம்பரில் கடல் கொஞ்சம் முரடாக இருக்கும், கணவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்றால் மார்ச், ஏப்ரலில் போங்கள், உடும்பும் நீர்க்காகமும் வருடம் முழுக்க அங்கேதான் இருக்கும்.