கண்மாய்க்குள் வண்டி இறக்குமுன் எதைக் கட்டுவது?

கேள்வி: நண்பர்கள் ஒன்பது பேர், இரண்டு ‘தார்’ ஜீப், ஒரு ‘ஜிம்னி’ ஜீப். மாசியில் வெள்ளி இரவு கிளம்பி ஞாயிறு மாலை திரும்புவதாகத் திட்டம். கானாடுகாத்தான் பக்கம் நண்பரின் தோப்பில் கூடாரம்; பகலில் செம்மண் தடத்திலும் வற்றிய கண்மாயிலும் ஓட்டம். சாமான் பட்டியல் நாலு பக்கம் வந்துவிட்டது. எதை எடுக்க, எதை விட? வின்ச் (சிக்கிய வண்டியைக் கம்பி வடம் சுற்றி இழுக்கும் மோட்டார்) வாங்கியே ஆக வேண்டுமா?
- தேவகோட்டை வாசகர்

உங்கள் பட்டியலைப் பார்த்தேன். அது மலைக்குப் போகிறவர்களுக்கானது. கனத்த ஸ்லீப்பிங் பேக் ஒன்பதையும் முதலில் அடித்துவிடுங்கள். மாசியில் விடியற்காலைப் பனிக்கு ஒரு போர்வை போதும். நம் பக்கம் வண்டியை நிறுத்துபவை இரண்டுதான்: சீமைக் கருவேல முள், கண்மாய்ச் சேறு.

முள்ளில் தொடங்குகிறேன். ட்யூப்லெஸ் டயர் பஞ்சர் கிட் ஒன்று, ஓட்டையில் செருகி அடைக்கும் ரப்பர் திரி தாராளமாக, 12 வோல்ட் கம்ப்ரசர், காற்றழுத்தமானி. சில வருடங்களுக்கு முன் நாங்கள் நாலு வண்டியில் போனோம். நாலிலும் கம்ப்ரசர் இருந்தது. திரி? ஆளுக்கு ஆள் ‘நீ எடுத்திருப்பாய் என்று நினைத்தேன்’ என்றார்கள். அதனால் பொதுச்சாமான் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயர் எழுதுங்கள். பழனிக்குக் காவடி கட்டி நடக்கும் நகரத்தார் பாதயாத்திரையைப் பார்த்திருப்பீர்கள். அத்தனை பேருக்கும் சோறும் தண்ணீரும் நேரத்துக்குக் கிடைப்பது, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பொறுப்பாளி இருப்பதால்.

முள் தைத்தால் உடனே பிடுங்காதீர்கள். காற்று மெதுவாகத்தான் கசியும் என்றால், சமதரைக்கு வந்து நிதானமாக அடைக்கலாம். டயரின் பக்கச்சுவரில் தைத்தால் திரி உதவாது, ஸ்டெப்னிதான். கிளம்புமுன் ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். ஜாக்கிக்கு அடியில் வைக்க ஓரடிப் பலகைத் துண்டும் வேண்டும். இல்லாவிட்டால் வண்டி உயராது, ஜாக்கிதான் மண்ணுக்குள் இறங்கும்.

இனி சேறு. மாசியில் கண்மாய் மேலே பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், பார்த்தால் ரோடு மாதிரித் தெரியும். அப்படி ஏமாந்து நாங்கள் அச்சு வரை இறங்கியபோது ஆடு மேய்த்தவர் ஒருவர் சொன்னார்: “மேலதாண்ணே காஞ்சிருக்கு, உள்ள கஞ்சி.” கரையை ஒட்டியும் மடைப்பக்கமும்தான் பள்ளம் அதிகம், அங்கே போகவே வேண்டாம். உள்வாயின் (கண்மாய்க்குள் தண்ணீர் தேங்கும் பரப்பின்) மேட்டுப்பக்கம் இருந்து, ஒருவர் கம்பால் குத்திப் பார்த்தபடி முன்னே நடக்க, வண்டி பின்னே வரட்டும். இளகிய மண்ணில் டயர் காற்றை 20 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கினால் பிடிப்பு கூடும். தார்ச்சாலை ஏறுமுன் பழைய அளவுக்கு அடித்துவிட வேண்டும், கம்ப்ரசர் அதற்கும்தான்.

சிக்கிய வண்டியை இழுக்க, அதற்கென்றே விற்கும் இழுவைப் பட்டையும், அதை மாட்ட இரண்டு டி-ஷாக்கிளும் (‘D’ வடிவ இரும்பு வளையம்). கடைத்தெரு நைலான் கயிறு அறுந்தால் சாட்டையாக அடிக்கும். பட்டையை வண்டியின் இழுவைக் கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். வண்டியின் பின்னால் ட்ரெய்லர் கோக்கும் உருண்டையில் மாட்டினால் அது தெறித்து உயிரையே வாங்கும். இழுக்கும்போது வேடிக்கை பார்க்கிறவர்கள் பட்டையின் நீளத்துக்கும் கூடுதலாகத் தள்ளி நிற்க வேண்டும். இவற்றோடு நீளக் காம்பு மண்வெட்டி இரண்டு. சக்கரத்தைத் தோண்டவும், அடுப்பை மண் போட்டு அணைக்கவும், காலையில் ஒதுங்கும்போது குழி வெட்டவும் அதுதான். ஒதுங்குவது ஊரணிக்கும் கண்மாய்க்கும் வெகுதூரத்தில்.

குடிக்க மட்டும் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் என்று கணக்கு வையுங்கள். ஒரே டிரம்மில் வேண்டாம். மூன்று வண்டியிலும் பிரித்து ஏற்றுங்கள்.

சாப்பாட்டுக்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. முதல் நாளுக்குப் புளியோதரையும் பொடி தடவிய இட்லியும், கொறிக்கச் சீடை. சமைத்தே தீர வேண்டும் என்றால் விறகு பொறுக்காமல் ஒரு மூட்டை கருவேலங்கரி வாங்குங்கள். அதே முள்மரம்தான், மூட்டம் போட்டுக் கரியாக்கினால் அடுப்புக்கு நல்லது. தைலமரச் சருகுக்குப் பக்கத்தில் மட்டும் பற்றவைக்காதீர்கள்.

இரவில் தரையில் பாய் விரித்துப் படுக்காதீர்கள். கட்டுவிரியன் கடித்தால் பல நேரம் வலியே தெரியாது. ஜிப் மூடும் கூடாரம், ஆளுக்கொரு நெற்றி டார்ச், காலையில் ஷூவைத் தட்டிப் போடும் பழக்கம். கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், அசையவிடாமல் 108. அந்தத் தோப்பிலிருந்து காரைக்குடி அரசு மருத்துவமனைக்குப் போகும் வழியைப் பகலிலேயே ஒருமுறை பார்த்துவையுங்கள்.

ஸ்பீக்கர் பெட்டி வீட்டிலேயே இருக்கட்டும். திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே போடாத ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள். நீங்கள் போகும் கண்மாயிலும் அந்த மாதம் கொக்கும் நாரையும் இருக்கும். கண்மாயில் இறங்குமுன் ஊர்ப்பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஐயனார் கோயில் காட்டுக்குள் டயர் தடமே படக்கூடாது.

வின்ச் வேண்டாம். பொட்டல் கண்மாயில் அதைக் கட்டி இழுக்க மரம் எங்கே தேடுவீர்கள்? மூன்று வண்டியில் ஒன்று எப்போதும் கெட்டித் தரையில் நிற்கட்டும். அதுதான் உங்கள் வின்ச்.