வீட்டில் பூட்டிய ரைபிளில் குழல் ஹேண்ட்கார்டின் நடுவில் நிற்கவில்லை. எந்தப் பாகத்தில் பிழை?

கேள்வியைக் கேட்டவர் திருகோணமலைக்காரர், இப்போது டெக்சாஸில் இருக்கிறார். பாகங்களைத் தனித்தனியாக வாங்கி வீட்டிலேயே ஒரு ஏஆர்-15 ரைபிள் பூட்டியிருக்கிறார். முன்பக்கத்திலிருந்து பார்த்தால் குழல், தன்னைச் சுற்றியிருக்கும் கைப்பிடி உறையான ஹேண்ட்கார்டின் நடுவில் இல்லை, ஒரு பக்கம் ஒதுங்கி நிற்கிறது. இறுக்கிப் பார்த்தும் சரிவரவில்லை என்கிறார்.

தம்பி, முதலில் இறுக்குவதை நிறுத்துங்கள். ஹேண்ட்கார்டைக் கையால் வளைத்து நடுவுக்குக் கொண்டுவரவும் முயல வேண்டாம்.

நான் திருகோணமலையில் லேத் பட்டறை வைத்திருப்பவன். கொட்பேயிலிருந்து வரும் படகுகளின் ஷாஃப்ட், கப்ளிங், புஷ் வேலைதான் எங்களுக்கு அதிகம். துப்பாக்கி எங்கள் தொழில் இல்லை. ஆனால் அக்காவின் மகன் உங்களைப் போலவே டெக்சாஸில் இருக்கிறான். இதே சிக்கல் அவனுக்கும் வந்தது. "மாமா, இதை எப்படி அளக்கிறது?" என்று வீடியோ அழைப்பில் காட்டினான். அவனுடைய பாகங்களையும் உற்பத்தியாளரின் வரைபடங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, பிழையைக் கண்டுபிடித்தோம். அதில் தெளிவானதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. போர்க்காலத்தை இந்த ஊரில் வாழ்ந்து கடந்தவன் என்பதால் துப்பாக்கியைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் என்னால் தொடங்க முடியாது. அமெரிக்காவில் 1968 ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி, துப்பாக்கி வைத்திருக்கத் தடை இல்லாத ஒருவர் தன் சொந்தப் பாவனைக்கு ஒன்றைப் பூட்டிக்கொள்ளலாம். ஆனால் கலிபோர்னியா, நியூ ஜெர்சி போன்ற மாநிலங்களில் அதற்கு மேலும் கட்டுப்பாடுகள் உண்டு. கனடாவில் ஏஆர்-15 வகை 2020 மே 1 முதல் தடை. இலங்கையில் 1916 ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதோ செய்வதோ குற்றம். ஆகவே ஊரில் இருந்து இதை வாசிக்கும் யாரும் செய்து பார்ப்பதற்காக நான் எழுதவில்லை. டெக்சாஸில் சட்டப்படி பூட்டிய ஒருவருக்கான பதில் இது.

இப்போது விஷயத்துக்கு வருவோம். எல்லாரும் ஹேண்ட்கார்டையும் குழலையும் ஒரே சோடியாக நினைக்கிறார்கள். அவை இரண்டும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. தொடக்கூடாது என்பதற்காகத்தான் மிதக்கும் வகை ஹேண்ட்கார்ட் செய்யப்படுகிறது. குழலின் பின்முனை அப்பர் ரிசீவரின் (துப்பாக்கி உடலின் மேற்பாதி) துளைக்குள் உட்கார்ந்து, அதன் விளிம்பு ரிசீவரின் முன்முகத்தில் பதிகிறது. குழல் எந்தத் திசையைப் பார்க்கும் என்பதை அந்த முகமும் அந்தத் துளையும் தீர்மானிக்கின்றன. ஹேண்ட்கார்டோ குழலை ரிசீவரோடு இறுக்கும் குழல் நட்டின் வெளிச்சுற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது; நட் ரிசீவரின் மரையில் ஏறியிருக்கிறது. அதாவது இரண்டும் இரண்டு வேறு ஆதாரங்களில் நிற்கின்றன. நடுவில் இல்லை என்றால் இரண்டில் ஒன்று சாய்ந்திருக்கிறது, அல்லது இரண்டுமே. எது என்று தெரியாமல் எதையும் திருத்தக் கூடாது. எஞ்சினுக்கும் ஷாஃப்டுக்கும் நேர்பிடிக்கும்போது நாங்கள் செய்வதும் இதுதான்: கப்ளிங் முகங்களுக்கிடையே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்க்கும் முன்னால் எந்த நட்டையும் தொடமாட்டோம்.

கண்ணுக்குத் தெரிவது உண்மையைவிடப் பெரிது என்பதையும் மனதில் வையுங்கள். குழல் 0.6 மில்லிமீற்றர் ஒதுங்கினால் ஒரு பக்க இடைவெளி 0.6 குறையும், மறுபக்கம் 0.6 கூடும். பார்ப்பவருக்கு 1.2 மில்லிமீற்றர் வித்தியாசம். அந்த 0.6 எங்கிருந்து வருகிறது? ரிசீவரின் முன்முகம் ஏறத்தாழ 30 மில்லிமீற்றர் அகலம். அந்த முகத்தின் ஒரு விளிம்பு மற்றதைவிட வெறும் 0.05 மில்லிமீற்றர், ஒரு மெல்லிய தாளை விடக் குறைவான அளவு, உயர்ந்திருந்தால் போதும். 15 அங்குல ஹேண்ட்கார்டின் நுனிக்கு வரும்போது அது 0.6 மில்லிமீற்றருக்கு மேல் ஆகிவிடும். குழல் உண்மையிலேயே அந்தக் கோணத்தில் சாய்ந்திருந்தால் 100 மீற்றரில் 16 சென்ரிமீற்றருக்கு மேல் விலகும். முகத்தில் இருக்கும் சிறு பிழையை நீளம் பெருக்கிக் காட்டுகிறது.

அளவுக்கு முன்னால் பாதுகாப்பு. மகசினை எடுத்து, குழலில் தோட்டா அமரும் அறை வெறுமையா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். அப்பரைக் கீழ்ப்பாதியான லோவரிலிருந்து பிரித்து, போல்ட் கரியரை (போல்டைத் தாங்கி முன்னும் பின்னும் ஓடும் பாகம்) வெளியே எடுத்து வேறு மேசையில் வையுங்கள். நீங்கள் வேலை செய்யும் அறைக்குள்ளேயே தோட்டா இருக்கக் கூடாது.

ஹேண்ட்கார்டின் நுனியில் மேல், கீழ், இடம், வலம் நான்கு இடத்திலும் இடைவெளியை அளந்து எழுதுங்கள். வேணியர் அளவுகோல் நுழையவில்லை என்றால் ட்ரில் பிட்டின் மழுங்கிய பின்பகுதியை விட்டுப் பார்க்கலாம். எந்த அளவு பிட் இறுக்கமாகப் போகிறதோ அதுதான் இடைவெளி. பிறகு ஹேண்ட்கார்டின் திருகாணிகளை மட்டும் தளர்த்துங்கள், குழல் நட்டைத் தொடாதீர்கள். மீண்டும் மாறி மாறி, சிறிது சிறிதாக இறுக்கி அளந்து பாருங்கள். எண்கள் மாறினால் பிழை ஹேண்ட்கார்டின் பிடியில்தான். ஒரு பக்கத் திருகாணியை முழுதாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் பிடி ஒருபக்கமாக இழுத்துக்கொள்ளும். நட்டின் வெளிச்சுற்றில் ஒட்டியிருக்கும் பிசிறு, உள்ளே படிந்த பெயின்ற் துகள், சுழலாமல் தடுக்கும் சிறு நாக்கு ரிசீவரில் சரியாக உட்காராதது, இவையும் இதைச் செய்யும். ரிசீவரின் மேல் தண்டவாளத்திலும் (குறி பூட்டும் நீளப் பட்டை) ஹேண்ட்கார்டின் மேல் தண்டவாளத்திலும் சேர்த்து ஒரு நேரான இரும்பு அடிமட்டத்தைப் படுக்க வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். இடையில் வெளிச்சம் தெரியும் இடம் எங்கே சாய்கிறது என்பதைச் சொல்லிவிடும்.

எண்கள் மாறவே இல்லை என்றால் குழலைச் சந்தேகிக்கலாம். ஆனால் அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: சுட்டுப் பார்த்தபோது குறி எப்படி இருந்தது? இதற்கு நீங்கள் தரும் பதில் எல்லா அளவையும்விட முக்கியம். ரிசீவரில் பூட்டிய தொலைநோக்கிக் குறியின் இட-வலத் திருப்பி ஏறத்தாழ நடுவிலேயே நிற்கிறது, தோட்டாவும் குறியில் விழுகிறது என்றால் குழல் நேர், ஹேண்ட்கார்ட்தான் சாய்வு. திருப்பி ஒரு பக்கம் முட்டும்வரை போய்விட்டதென்றால் குழல் சாய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். முன்குறியை ஹேண்ட்கார்டிலும் பின்குறியை ரிசீவரிலும் வைத்துச் சுட்டுப் பார்த்து இதைத் தீர்மானிக்காதீர்கள். சாய்ந்திருப்பது ஹேண்ட்கார்ட் என்றால் முன்குறியும் அதோடு சாய்ந்திருக்கும். நல்ல குழலைப் பிழை என்று காட்டிவிடும். மருமகன் முதலில் குழப்பமடைந்ததும் இங்கேதான்.

குழல்தான் சாய்வு என்று உறுதியானால் நட்டைக் கழற்ற வேண்டும். ரிசீவரை உரிய பிடியில் வைத்துத்தான் கழற்றவும் பூட்டவும் வேண்டும். வைஸில் நேரே கவ்வினால் அலுமினியம் நசியும். குழலின் பின்முனையில் ஒரு சிறு ஊசி இருக்கிறது, அது ரிசீவரின் மேற்பக்க வெட்டுக்குள் இறங்கும். பிடி தவறாக இருந்து, நட்டை இறுக்கும் முறுக்கு முழுதும் அந்த ஊசியில் விழுந்தால், மென்மையான அலுமினிய வெட்டு அகன்றுவிடும். பிறகு குழல் தன் அச்சில் கொஞ்சம் சுழன்று நிற்கும். குழலின் மேல் இருந்து சுடும் வாயுவைப் பிரித்தெடுக்கும் காஸ் பிளாக் ஒரு பக்கம் சரியும். குழல் சாய்வதும் சுழல்வதும் இரண்டு வேறு நோய்கள். சுழன்றிருந்தால் இடைவெளி சரியாகவே இருக்கும், காஸ் பிளாக் மட்டும் கோணலாகத் தெரியும்.

கழற்றியபின் ரிசீவரின் முகத்தைத் துடைத்துப் பாருங்கள். பழைய கிரீஸ், உலோகத் துகள், பூச்சின் ஒரு கட்டி; பல நேரம் இவ்வளவுதான் காரணம். சுத்தமாகவே இருந்தால், குழலின் விளிம்பில் நீல மையை மிக மெல்லியதாகப் பூசி, உள்ளே தள்ளி அழுத்தி எடுங்கள். முகம் முழுதும் நீலம் பட்டால் நல்லது. ஒரு பிறை அளவு மட்டும் பட்டால் முகம் துளைக்குச் செங்குத்தாக இல்லை. அதைத் திருத்த ரிசீவரின் துளைக்குள் சரியாக நுழையும் ஒரு உருளைக் கருவியும் அரைக்கும் பசையும் விற்கிறார்கள். மெதுவாகச் சுழற்றி, அடிக்கடி துடைத்து, நீலம் சுற்றிவரப் படும் அந்த நிமிடத்தில் நிறுத்த வேண்டும். அரத்தால் ராவவே கூடாது. கை அரத்தால் ஒரு முகத்தைத் துளைக்குச் செங்குத்தாக்குவது லேத் வேலை தெரிந்தவனாலும் முடியாத காரியம்.

திரும்பப் பூட்டும்போது மரையில் மொலிப்டினம் கலந்த கிரீஸ் போடுங்கள், கிராஃபைற் வேண்டாம். அலுமினியமும் எஃகும் சேரும் இடத்தில் கிராஃபைற் அரிப்பைக் கூட்டும். இராணுவ அளவு நட்டுக்கு டோர்க் (இறுக்கும் முறுக்கு) 30 முதல் 80 அடி-இறாத்தல். 30 க்கு இறுக்கித் தளர்த்தி, இப்படிச் சில தடவை மரையைப் பதியவிட்டு, பிறகு காஸ் பிளாக்கிலிருந்து வாயுவைப் பின்னே கொண்டுவரும் காஸ் குழாய்க்கான துளை நேர்வரும்வரை இறுக்குவது வழக்கம். வேறு நிறுவனத்தின் நட் என்றால் அதன் தாளில் இருக்கும் எண்ணைத்தான் பின்பற்ற வேண்டும். டோர்க் ரெஞ்ச் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள்.

காஸ் குழாயை யாரும் கவனிப்பதில்லை. ஹேண்ட்கார்டைச் சரிசெய்தபின் அது எங்காவது உரசி அந்த மெல்லிய குழாயை ஒரு பக்கம் தள்ளியிருக்கலாம். போல்டைக் கழற்றிய கரியரை மட்டும் அப்பருக்குள் விட்டு, கையால் மெதுவாக முன்னே தள்ளுங்கள். கடைசி அங்குலத்தில் தடை ஏதும் இன்றிக் குழாய் நுனி கரியரின் வாய்க்குள் நுழைய வேண்டும். உரசினால் குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாக நேர்ப்படுத்துங்கள். ஹேண்ட்கார்டுக்கும் காஸ் பிளாக்குக்கும் இடையே ஒரு தாள் துண்டை விட்டுச் சுற்றிவர இழுத்துப் பாருங்கள். எங்கும் மாட்டக் கூடாது. குழல் சூடேறும்போது அங்கே ஒரு தொடுதல் இருந்தால் முதல் தோட்டாவுக்கும் பின்வருவனவற்றுக்கும் குறி ஒன்றாக இராது.

எல்லாம் செய்தும் நுனியில் அரை மில்லிமீற்றர் ஒதுங்கியே நிற்கிறது, ஆனால் எங்கும் தொடவில்லை, காஸ் குழாய் சுகமாக ஓடுகிறது, குறித் திருப்பி நடுவில் இருக்கிறது என்றால் அப்படியே விட்டுவிடுங்கள். அது பார்வைக்கு மட்டும்தான். ஹேண்ட்கார்ட் நிறுவனங்கள் அந்த அளவுக்கு இடம் விட்டே செய்கின்றன.

முகத்தை அரைத்தபின்னும் திருப்பி முட்டியே நின்றால் குழலே வளைந்திருக்கலாம், அல்லது உட்துளை மையத்தில் இல்லாமல் இருக்கலாம். அதை வீட்டில் திருத்த வழியில்லை. துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்து வி-பிளாக்கில் உருட்டி டயல் கேஜால் பார்க்கச் சொல்லுங்கள். பிழை உறுதியானால் விற்றவரிடம் மாற்றிக் கேளுங்கள். அதற்கு நீங்கள் எழுதிவைத்த அந்த நான்கு எண்கள் உதவும்.