பருவநிலைப் பேச்சுவார்த்தையும் இந்தியாவின் நிலைப்பாடும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: உமிழ்வைக் குறைப்பதாக உலக அரங்கில் வாக்களித்துவிட்டு, ஆண்டுதோறும் கூடுதலாக வெளியிடுகிறோமே, இது வாக்குத் தவறுவது ஆகாதா?

பதில்: ஆகாது. இந்தியா குறைப்பதாகச் சொன்னது மொத்த உமிழ்வை அல்ல, உமிழ்வுச் செறிவை. அதாவது, ஒவ்வொரு ரூபாய் உற்பத்திக்கும் வெளியாகும் கரியமில வாயுவின் அளவை. உற்பத்தி இருமடங்காகி, செறிவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தால், வாக்குக் காப்பாற்றப்பட்டிருக்கும். மொத்த உமிழ்வோ மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கும். 1997-இன் கியோட்டோ உடன்படிக்கை வளரும் நாடுகளுக்குக் குறைப்பு இலக்கு எதையும் விதிக்கவில்லை. பணக்கார நாடுகளே முதலில் குறைக்கட்டும் என்பதே அன்று நம் வாதம். 2009-இல், கோபன்ஹேகன் மாநாடு தொடங்கும் முன், 2005-ஆம் ஆண்டின் செறிவிலிருந்து 2020-க்குள் 20 முதல் 25 விழுக்காடு குறைப்போம் என்று அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் மக்களவையில் அறிவித்தார். 2030-க்கான இலக்கு 2015-இல் 33–35 விழுக்காடாகவும், 2022-இல் 45 விழுக்காடாகவும் உயர்ந்தது. எண் ஏறியதே தவிர அளவுகோல் மாறவில்லை. தலைக்கணக்கில் மிகக் குறைவாக உமிழும் நாட்டுக்கு அதுவே நியாயமானது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் நிலக்கரிக்காக வாதாடியது சரிதானா?

பதில்: 2021-இல் அங்கே கடைசி மணி நேரத்தில், நிலக்கரி மின்சாரத்தைப் படிப்படியாகக் ‘கைவிடுதல்’ என்றிருந்ததைக் ‘குறைத்தல்’ என்று மாற்ற வைத்தோம். எண்ணெயையும் எரிவாயுவையும் விட்டுவிட்டு நிலக்கரியை மட்டும் சுட்டியது நியாயமில்லை. ஆனாலும், கடல் மட்டம் உயர்ந்து மூழ்கும் அபாயத்தில் இருக்கும் தீவு நாடுகளின் வேதனை உண்மையானது. அதை நாம் மறக்கக் கூடாது.

கேள்வி: அஜர்பைஜானின் பாகுவில் நடந்த பருவநிலை மாநாட்டின் நிதி முடிவை இந்தியா ஏன் எதிர்த்தது?

பதில்: பருவநிலை நடவடிக்கைகளுக்காக வளரும் நாடுகள் ஆண்டுக்கு 1.3 லட்சம் கோடி டாலர் கேட்டன. 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்றே 2024-இல் முடிவானது. அது மிகக் குறைவு என்பதாலேயே எதிர்த்தோம்.

கேள்வி: மின் நிறுவுதிறனில் பாதி புதைபடிவமற்றதாகிவிட்டதாமே (நிலக்கரி, எண்ணெய், எரிவாயு சாராதது), இனி நிலக்கரி எதற்கு?

பதில்: 2030-க்குள் பாதி என்ற இலக்கை 2025-இல், ஐந்தாண்டு முன்னதாகவே எட்டியது பெருமைதான். ஆனால் நிறுவுதிறன் (நிலையங்களால் அதிகபட்சம் தரக்கூடிய அளவு) வேறு, உண்மையில் நடக்கும் உற்பத்தி வேறு. வீடுகளில் விளக்கெரியும் நேரத்தில் சூரியத் தகடுகள் ஓய்ந்துவிடுவதால், மின்சாரத்தின் பெரும்பகுதி இன்றும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. ஆனைமலையில் உள்ள 400 மெகாவாட் காடம்பாறை நிலையம், மின்சாரம் மிஞ்சும்போது கீழ் அணையின் நீரை மேல் அணைக்கு ஏற்றிவைத்து, தேவை உச்சத்தைத் தொடும்போது திறந்துவிடுகிறது. இத்தகைய சேமிப்பு நாடெங்கும் வேண்டும். பாகுவில் கிடைக்காமல் போன மலிவான நிதி முதலில் தேவைப்படுவது இதற்குத்தான்.